கிலியன் என்று எழுதுங்கள் ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் 'ஓப்பன்ஹைமர்' நாயகனைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நான் திருநெல்வேலிக்காரன், 2013-லிருந்து அயர்லாந்தில் கார்க் நகரத்தில் குடியிருக்கிறேன், காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் போனில் உங்கள் பேப்பரைப் படிப்பதுதான் வழக்கம். எங்கள் ஊர்க்காரர் போட்டோ நம்ம பேப்பரில் வந்திருக்கிறதே என்று வந்த சந்தோஷம் மூன்றாவது வரி வரைக்கும்தான் நின்றது. 'பிரிட்டிஷ் நடிகர் சிலியன் மர்ஃபி' என்று போட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையில் இரண்டு தப்பு.

சின்னத் தப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் பெயர் கிலியன். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து சி என்பதால் எல்லோரும் சிலியன் என்றே படித்துவிடுகிறார்கள், ஆனால் அது ஐரிஷ் மொழிப் பெயர், ஐரிஷில் அந்த எழுத்துக்குக் ககர ஒலிதான் உண்டு, சகர ஒலி கிடையாது. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கினார்களே என்று இன்னும் வருத்தப்படுகிற நாம் இன்னொருத்தர் பெயரில் அதையே செய்யலாமா?

பெரிய தப்பு, பிரிட்டிஷ். வந்த புதிதில் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், வேலை செய்யும் இடத்தில் ஏதோ பேச்சுவாக்கில் 'நீங்கள் பிரிட்டிஷ்காரர்கள்' என்று சொல்லிவிட்டு, எதிரில் இருந்தவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 1920 டிசம்பரில் பிரிட்டிஷ் துணைப்படையினர் இந்த ஊர்க் கடைவீதியைக் கொளுத்தினார்கள், நகர மண்டபமும் நூலகமும் சேர்ந்து எரிந்தன. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் இந்த ஊர் மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வைனி லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டிருந்தார். 1929-ல் லாகூர் சிறையில் ஜதீன் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து இறந்தபோது மெக்ஸ்வைனி குடும்பத்திலிருந்து இந்தியாவுக்கு இரங்கல் தந்தி வந்தது, ஆக நம்ம சரித்திரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயர்தான் அது. அப்படிப்பட்ட ஊரில், டக்ளஸ் என்கிற பகுதியில், 1976-ல் பிறந்தவரைப் போய் பிரிட்டிஷ் என்கிறீர்கள்.

உங்கள் கட்டுரையாளர் எங்கே சறுக்கினார் என்பதும் புரிகிறது. 'பீக்கி பிளைண்டர்ஸ்' தொடரில் ஆறு சீசன், 36 எபிசோட், இவர் பர்மிங்காம் தமிழில், மன்னிக்கவும், பர்மிங்காம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு தொப்பியோடு நடந்து வந்ததைப் பார்த்தவர்களுக்கு இவர் அந்த ஊர்க்காரர் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. நல்ல நடிகன் என்பதற்கு அதுவே சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளலாம். சரி, இந்த இரண்டுக்கும் ஒரு வரித் திருத்தம் போட்டால் விஷயம் முடிந்துவிடும், இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை.

நான் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம். கட்டுரையில் '28 டேஸ் லேட்டர்' இருக்கிறது, பேட்மேன் படத்து வில்லன் இருக்கிறது, 'பீக்கி பிளைண்டர்ஸ்' நாயகன் தாமஸ் ஷெல்பி இருக்கிறார், ஆஸ்கர் இருக்கிறது. மேடை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் வாசலில் நின்று போன் பேசிவிட்டு வந்து, சாப்பாடு பிரமாதம் என்று சொல்கிற மாதிரி இருந்தது. இந்த மனிதருக்கு நடிப்பு வந்ததே மேடையில்தான், பெரிய பெரிய படங்களுக்கு நடுவில் திரும்பத் திரும்பப் போய் நின்றதும் அங்கேதான்.

அவருக்கு முதல் ஆசை பாட்டு. தம்பியோடு சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தார், லண்டனில் ஒரு இசை நிறுவனம் ஐந்து ஆல்பத்துக்கு ஒப்பந்தம் தருகிறேன் என்று வந்தது. தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான், ஒப்பந்தத்தில் பாட்டின் உரிமையெல்லாம் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது, கையெழுத்துப் போடவில்லை. இன்னொரு பக்கம் யூனிவர்சிட்டி காலேஜ் கார்க்கில் சட்டம் படித்து முதல் வருஷப் பரீட்சையில் ஃபெயில். அப்பா கல்வித்துறையில் வேலை, அம்மா பிரெஞ்சு ஆசிரியை. பாட்டும் போச்சு, படிப்பும் போச்சு என்று நம்ம பக்கத்து வீட்டில் ஒரு பையன் வந்து நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்க்கில் சவுத் மெயின் ஸ்ட்ரீட்டில் சர் ஹென்றிஸ் என்று ஒரு இரவு விடுதி இருந்தது. 1991-ல் நிர்வாணா குழு உலகப் புகழ் அடைவதற்குக் கொஞ்சம் முன்னால் இங்கே வந்து வாசித்தது என்று இந்த ஊர்ப் பெரிசுகள் பெருமை பேசுவார்கள், எல்லோரும் அன்றைக்கு அங்கே இருந்ததாகத்தான் சொல்வார்கள், எண்ணிப் பார்த்தால் கட்டடம் தாங்காது. இப்போது இடித்துவிட்டார்கள். அந்த விடுதிக்குள் கார்கடோர்கா என்கிற உள்ளூர் நாடகக் குழு 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' கதையை நாடகமாகப் போட்டது. நாற்காலி வரிசை கிடையாது, திரை கிடையாது, கூட்டத்துக்கு நடுவிலேயே நாடகம். அதைப் பார்த்துத்தான் இவருக்குப் பித்துப் பிடித்தது. இயக்குநர் பாட் கியர்னன் ஏற்கெனவே இவர் படித்த பள்ளிக்கு நாடக வகுப்பு எடுக்க வந்தவர், அந்த அறிமுகத்தை வைத்து, ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அவரை நச்சரித்தே வாங்கிவிட்டார்.

அப்படிக் கிடைத்தது 'டிஸ்கோ பிக்ஸ்'. 1996 செப்டம்பரில் இங்கே டிரிஸ்கல் அரங்கில் ஆரம்பித்தது. எழுதியவர் எண்டா வால்ஷ், டப்ளினில் பிறந்து பிழைப்புக்குக் கார்க் வந்த இளைஞர். இரண்டே பேர் மேடையில், பிக், ரன்ட் என்று ஒரு பையனும் பெண்ணும். ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, தங்களுக்கென்று தனியாக ஒரு பாஷை வைத்துக்கொண்டு, உலகத்தையே வெளியே நிறுத்திவிட்டு வாழ்கிற பிள்ளைகள், பதினேழாவது பிறந்தநாளில் எல்லாம் கோணலாகிறது. அந்தப் பாஷை கார்க் தெருப்பேச்சையும் குழந்தைகள் உளறலையும் கலந்து பிசைந்தது. இந்த ஊரில் 'பாய்' என்பதை 'பை' என்று இழுத்து எல்லா வாக்கியத்துக்கும் வாலாகப் போடுவார்கள், நம்ம ஊரில் 'லே' போடுகிற மாதிரியேதான். அந்தத் தொனியிலேயே ஒரு முழு நாடகம், டப்ளின்காரனுக்கே பாதிதான் புரியும். மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள், எடின்பரோ, லண்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று இரண்டு வருஷம் சுற்றினார்கள். கார்கடோர்கா குழு பின்னால் எத்தனையோ செய்தது, 1991-ல் தொடங்கிய அது 2022-ல் மூடிக்கொண்டது, இந்த ஊர்ப் பத்திரிகைகள் அதைத் துக்கச் செய்தி போலத்தான் எழுதின.

ரன்ட்டாக நடித்த பெண் ஐலீன் வால்ஷ். எழுத்தாளரும் வால்ஷ்தான், ஆனால் சொந்தம் கிடையாது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது. 2001-ல் அதைப் படமாக எடுத்தபோது பிக் வேஷம் கிலியனுக்கே வந்தது, ரன்ட் வேஷம் வேறு நடிகைக்குப் போய்விட்டது. இரண்டு வருஷம் ஊர் ஊராக முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நடித்த இருவரில் ஒருத்தர் திரைக்குப் போனார், ஒருத்தர் போகவில்லை. அந்தப் படத்தை நான் பார்த்தேன், எடுத்த விதத்தில் குறை சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அதன் பிறகு உங்களுக்குத் தெரிந்த கதை. '28 டேஸ் லேட்டர்' படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்விழித்து, ஆளே இல்லாத லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்து மேல் தனியாக நடக்கிற அந்தக் காட்சி. அந்தப் படத்துக்காக வந்த ஒரு புகைப்படத்தை ஒரு அமெரிக்க நாளிதழில் பார்த்துத்தான் கிறிஸ்டோபர் நோலன் இவர் கண்ணைக் கவனித்ததாகச் சொல்லியிருக்கிறார். பேட்மேன் வேஷத்துக்கே ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் வில்லன் ஆக்கினார், அதிலும் ஏதாவது சாக்கு வைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வைத்துக்கொண்டே இருந்தாராம்.

ஆனால் அதே வருஷங்களில் மேடையில் என்ன செய்துகொண்டிருந்தார் பாருங்கள். 2004-ல் ட்ரூயிட் நாடகக் குழுவோடு, கேரி ஹைன்ஸ் இயக்கத்தில், 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகத்தில் கிறிஸ்டி. அப்பனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தேன் என்று ஒரு பயந்தாங்கொள்ளி ஒரு கிராமத்தில் வந்து சொல்ல, ஊரே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் கதை, ஜான் மில்லிங்டன் சிங் எழுதியது, 1907-ல் டப்ளினில் முதலில் போட்டபோது கூட்டத்தில் கலாட்டா ஆனது. அடுத்த வருஷமே, 2005-ல், பேட்மேன் வில்லன், விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மிரட்டும் கொலைகார ஏஜென்ட், நீல் ஜோர்டன் படத்தில் பெண்ணாக வாழும் கிட்டன் என்று மூன்று முகம். ஒரே ஆள்தானா என்று கேட்க வைக்கிற இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு நாடகக் கொட்டகையில் ராத்திரிக்கு ராத்திரி பொய்யனாக நின்றிருக்கிறார் என்பதைச் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் புரியும்.

2006-ல் கென் லோச் இயக்கிய 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி'. கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம், உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 1920-ல் கார்க் மாவட்டத்துக் கிராமத்தில், லண்டனுக்கு ரயிலேறப் போகிற இளம் டாக்டர், ரயிலடியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ரயில்வே ஊழியர்களை அடிப்பதைப் பார்த்து மனம் மாறித் துப்பாக்கி எடுக்கிறான், பிறகு பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம் வந்து சொந்த அண்ணன் எதிர்ப் பக்கம் போகிறான். லோச் கதையை வரிசைப்படியேதான் படம் பிடிப்பார், அடுத்து என்ன நடக்கும் என்பதை நடிகர்களிடம் முழுசாகச் சொல்லவும் மாட்டார். இந்தப் படத்தில் இவர் பேசுவது இவருடைய சொந்த மண்ணின் பேச்சு. பர்மிங்காம்காரர் என்று நினைத்தவர்கள் இதைப் பார்த்தால் போதும், இந்தக் கடிதத்தில் பாதி தேவையில்லை. முடிவைச் சொல்லமாட்டேன், எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

நான் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். 2014 ஆகஸ்ட், கார்க் ஆப்பரா ஹவுஸ், 'பாலிடர்க்'. வீட்டுக்காரியோடு வேலை பார்க்கிற அம்மாவுக்கு வர முடியாமல் போனதால் எங்களுக்குக் கிடைத்த டிக்கெட். எழுதி இயக்கியவர் அதே எண்டா வால்ஷ். கதவே இல்லாத ஒரு அறையில் இரண்டு ஆண்கள், பெயர்கூடக் கிடையாது, 1, 2 என்றுதான். வெளியே ஒரு ஊர் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அந்த ஊர் ஜனம் மொத்தத்தையும் இவர்கள் இருவருமே மாறி மாறி நடித்துக் காட்டுகிறார்கள், ஓடுகிறார்கள், விழுகிறார்கள், எண்பதுகளின் பாட்டுக்கு ஆடுகிறார்கள். கூட நடித்தவர் மிகெல் மர்ஃபி, பாதியில் பின்சுவர் திறந்து மூன்றாவது ஆளாக வருகிறவர் ஸ்டீபன் ரே. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை, என் வீட்டுக்காரிக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஆனால் அந்த ஆள் வேர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்து நின்று, சட்டென்று ஒன்றுமே செய்யாமல் வெறுமனே நின்ற ஒரு கணம் இருக்கிறது, ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையில் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெளியே வந்து ஆற்றோரமாக நடக்கும்போது 'இவர்தானா அந்தத் தொப்பிக்காரர்' என்று கேட்டாள்.

அப்போது 'பீக்கி பிளைண்டர்ஸ்' வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வேஷம் கிடைத்த கதையும் இங்கே சொல்ல வேண்டியதுதான். தொடரை எழுதிய ஸ்டீவன் நைட்டே சொல்லியிருக்கிறார்: ஷெல்பியாக ஜேசன் ஸ்டேதமைப் போடலாம் என்று அவர் மனசு போயிருந்தது, நேரில் பார்த்தால் ஸ்டேதம் அப்படி ஒரு கட்டுமஸ்து, இவர் ஒல்லி. சந்தித்துவிட்டுப் போன பிறகு இவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி, நான் நடிகன் என்பதை ஞாபகம் வையுங்கள் என்கிற மாதிரி. அவ்வளவுதான், வேஷம் கிடைத்துவிட்டது. ஒற்றை ஆளாக மேடையில் நின்று ஒரு ஊரையே நடித்துக் காட்டிவிட்டு வந்தவனுக்குத்தான் அப்படிச் சுருக்கமாகச் செய்தி அனுப்பத் தைரியம் வரும். மிகைப்படுத்தவில்லை, 2011-ல் 'மிஸ்டர்மேன்' என்கிற எண்டா வால்ஷ் நாடகத்தில் அதையேதான் செய்தார். கால்வேயில் தொடங்கி, நியூயார்க் புரூக்ளின், பிறகு லண்டன் நேஷனல் தியேட்டர். கைவிடப்பட்ட கிடங்கு போன்ற பெரிய இடத்தில் பழைய டேப் ரெக்கார்டர்களோடு பேசிக்கொண்டே ஒரு கிராமத்து ஜனங்களின் குரல்களையெல்லாம் தானே எடுக்கும் பக்திப் பித்தன். அதற்கு நியூயார்க்கில் டிராமா டெஸ்க் விருது கிடைத்தது. 2018-ல் மனைவியை இழந்த ஒரு அப்பாவாகவும் அந்த வீட்டுக்குள் வந்து குடியேறும் ஒரு காக்கையாகவும் ஒரே ஆள் நடித்த இன்னொரு நாடகம், அதை மேடைக்கு ஆக்கியவரும் எண்டா வால்ஷ்தான். சினிமாப் பக்கம் இதே காலத்தில் இவர் வந்துபோன சில படங்களை நான் பார்த்தேன், 'இன் டைம்', 'டிரான்சென்டன்ஸ்' மாதிரி, அவற்றில் இவருக்கு வேலையே இல்லை, யாரை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

இப்போது 'ஓப்பன்ஹைமர்'. நோலனோடு ஆறாவது படம், நாயகனாக முதல் படம். இந்தியாவில் அது வந்தபோது பகவத் கீதை வரும் படுக்கையறைக் காட்சியைப் பற்றித்தான் சண்டை, நடிப்பதற்கு முன் கீதையைப் படித்தேன் என்று அவர் சொன்னது அதற்குத் துணைச் செய்தி. என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. மூன்று மணி நேரப் படத்தில் பெரும்பகுதி அறைக்குள் ஆட்கள் பேசுகிறார்கள். அந்த விஞ்ஞானியைச் சந்தேகப்பட்டு அரசு நடத்திய 1954 விசாரணை நடக்கும் அந்த நெருக்கடியான சின்ன அறையில் இவருக்கு ஒரு நாற்காலியைத் தவிர ஒன்றும் கிடையாது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு, அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஊர்க் கூடத்தில் ஜனங்கள் காலால் தரையைத் தட்டி ஆரவாரிக்க, மேடைக்கு வந்து பேசுகிறாரே, வாய் வெற்றிப் பேச்சுப் பேசுகிறது, முகம் செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கூட்டத்தின் எதிரே நின்று, அந்தக் கூட்டம் கேட்க விரும்புவதைச் சொல்லிக்கொண்டே உள்ளே வேறொன்றாக இருப்பது, கிறிஸ்டி வேஷத்தில் ராத்திரிதோறும் செய்த வேலை அதுதானே. 2024 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிக்கொண்டு ஐரிஷ் மொழியில் நன்றி சொல்லி முடித்தார். அயர்லாந்தில் பிறந்து சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் இவர், அந்த வரியும் உங்கள் கட்டுரையில் 'பிரிட்டிஷ்' என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விட்டது.

இருந்தாலும் என்னைக் கேட்டால் அவர் நடித்ததிலேயே உயர்ந்தது அதற்கு அடுத்து வந்த சின்னப் படம்தான், 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. கிளேர் கீகன் நாவல், திரைக்கதை எண்டா வால்ஷ். 1985 கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் என்கிற சிறு நகரம், நிலக்கரி வியாபாரி ஒருவர், ஐந்து பெண் பிள்ளைகள். கன்னியர் மடத்துக்குக் கரி போடப் போன இடத்தில் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிடுகிறார். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவர்கள், அநாதைகள், வீட்டுக்கு அடங்காதவர்கள் என்று சொல்லப்பட்ட பெண்களை மடத்துச் சலவைக்கூடங்களில் கூலியில்லாமல் வேலை வாங்கியது இந்த நாட்டில் உண்மையாக நடந்தது. 1922-லிருந்து சுமார் 10,000 பெண்கள் போயிருக்கிறார்கள் என்று 2013-ல் அரசு அறிக்கையே சொன்னது, பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கடைசிச் சலவைக்கூடம் டப்ளினில் மூடப்பட்டது 1996-ல். இவர் டிரிஸ்கல் மேடையில் பன்றிபோல் கத்திக்கொண்டிருந்த அதே வருஷம், ஆமாம்.

அந்தப் படத்தில் அவருக்கு வசனம் மிகக் குறைவு. ராத்திரி வீட்டுக்கு வந்து கையிலிருக்கும் கரியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், அதுதான் நடிப்பு. மனைவி, நமக்கென்ன, நம்ம பிள்ளைகளைப் பார்ப்போம், மடத்தைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் வாழ முடியுமா என்கிறாள். கெட்டவள் இல்லை, பயந்தவள், நம்ம வீடுகளிலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த மனைவியாக நடித்தவர் ஐலீன் வால்ஷ். 1996-ல் பதினேழு வயதுப் பிள்ளைகளாக எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் 28 வருஷம் கழித்துப் புருஷன் பெண்டாட்டியாக ஒரே அடுக்களையில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பேசுகிறார்கள். இருபது வயதில் சேர்ந்து வேர்வை சிந்தியவர்களுக்கு அந்த மௌனம் ஒத்திகை இல்லாமல் வரும் என்று நினைக்கிறேன். ஐலீன் 2002-லேயே இந்தச் சலவைக்கூடங்களைப் பற்றிய 'தி மக்தலின் சிஸ்டர்ஸ்' படத்தில் உள்ளே அடைபட்ட பெண்ணாக நடித்தவர், இதில் வெளியே நின்று 'பேசாமல் இரு' என்று சொல்கிறவராக வருகிறார். இதை யாராவது தமிழில் எழுதுவார்கள் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

உங்கள் கட்டுரையில் கடைசியாக 'லண்டனில் வசிக்கும் மர்ஃபி' என்று வேறு இருக்கிறது. 2015-லேயே குடும்பத்தோடு டப்ளினுக்குத் திரும்பிவிட்டார் ஐயா. மேற்குக் கடற்கரையில் டிங்கிள் என்று ஒரு ஊர், அங்கே 1919-ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் என்கிற டூரிங் டாக்கீஸ் சைஸ் சினிமாக் கொட்டகை, 2021-ல் மூடிவிட்டார்கள். சின்ன வயசில் லீவுக்குப் போய் அங்கேதான் படம் பார்த்தாராம், அவர் அப்பாவும் இளவயதில் அங்கேதான் பார்த்தாராம். 2024-ல் அவரும் மனைவியும் அதை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். திறந்தால் நாங்கள் போவோம், கார்க்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தான். போய்விட்டு வந்து எழுதுகிறேன், அதற்குள் நீங்கள் அந்த இரண்டு வார்த்தையையும் திருத்தி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கார்க்கிலிருந்து ஒரு திருநெல்வேலி வாசகன்